ஊர் கேட்க வாசித்த கணக்கு



கவிஞர்கள் நிறைந்த அவையில் அரசுக் கணக்கைப் பற்றி ஓர் உரையா என்று சிலருக்கு வியப்புத் தோன்றலாம். பொதுப் பணிகளை வகுப்பதிலும் நடத்துவதிலும் குடிமக்களின் பங்கு என்பதே இன்றைக்கு எடுத்துக்கொண்ட பொருள். பாசனம், சாலை, குடிநீர், நியாயவிலைக் கடை, பஞ்ச காலத்து நிவாரண வேலை ஆகிய யாவும் இதில் அடங்கும். ஆயினும் பொருளின் உள்ளே புகுந்து பார்த்தால், அதன் நடுவில் இருப்பது சொல்லும் வாசிப்புமே என்பது தெரியவரும். ஆகவே இப்பொருளுக்கு இந்த அவை அந்நியமானதன்று.

பங்கேற்பு என்பது அண்மைக் காலத்தில் மிகுதியாக வேலை வாங்கப்பட்டுக் களைத்துப்போன சொற்களுள் ஒன்று. திட்ட அறிக்கைகளின் முன்னுரையில் அது இருக்கும்; முடிவுரையிலும் இருக்கும்; நடுவே இராது. அச்சொல்லின் உள்ளீட்டை அறியத் தமிழ்நாட்டின் பழைய வழக்கங்கள் இரண்டை முதலில் நோக்குவது பயன் தரும்.

ஒன்று குடிமராமத்து. ஏரியையும் வரத்துக் கால்வாயையும் ஊரார் தம் உடல் உழைப்பால் செப்பனிட்டுக்கொண்ட வழக்கம் அது. இதைப் பொற்காலத்துப் பண்பாகப் போற்றுவோர் பலர். ஆனால் 1858ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டத்தையும் அவர்கள் படிக்க வேண்டும். வெள்ளத்தால் கரை உடையும் அபாயம் நேர்ந்தால், உழைக்கும் வகுப்பைச் சேர்ந்த உடல்வலுவுள்ள ஆண்களை வேலைக்கு இழுத்துக்கொள்ள அச்சட்டம் இடம் தந்தது. வழக்கமாகச் செய்துவந்த மராமத்து உழைப்பையும் அது கட்டாயக் கடமை ஆக்கியது. மண் சுமக்கும் தோளுக்கு அங்கே பங்கு இருந்தது; என்ன செலவாயிற்று, யாருக்குச் செலவாயிற்று என்று கேட்கும் வாய்க்கு அச்சட்டத்தில் பங்கு இல்லை. 2017இல் தமிழ்நாட்டு அரசு ஏரிச் சீரமைப்புத் திட்டமொன்றை அதே பெயரில் தொடங்கியபோது, பெயரின் இனிமையைப் பேசியவர்கள் இந்தச் சட்டத்தை நினைவுகூர்ந்ததாகத் தெரியவில்லை.

மற்றொன்று உத்திரமேரூர். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகளைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். பாடநூல்கள் குடத்தையும் ஓலையையும் சொல்லிவிட்டு நின்றுவிடுகின்றன. அக்கல்வெட்டின் உயிர்நாடி வேறிடத்தில் உள்ளது. ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலிய வாரியங்களில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாது போனவரின் பெயர் மீண்டும் குடத்தில் இடப்படாது. அவருடைய உறவினர் பெயரும் இடப்படாது. கணக்குக் காட்டாமை ஒரு குடும்பத்தின் தகுதியையே அழிக்கும் குற்றமாக ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் கல்லில் எழுதப்பட்டது. பெருமைப்படத்தக்க செய்திதான். ஆனால் பெருமையோடு நின்றுவிடுவது நேர்மையாகாது. அது ஒரு பிரமதேயத்துச் சபை. இறை செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் உடையவரே ஓலைக்கு உரியவர். பெண்களுக்கு அங்கே இடமில்லை. ஏரியில் இறங்கி மண் வெட்டியவருக்கும் இடமில்லை.

ஆக, ஓரிடத்தில் கணக்கில்லாத உழைப்பு. மற்றோரிடத்தில் உழைப்பவர் இல்லாத கணக்கு. மண் வெட்டியவரே எழுந்து நின்று கணக்குக் கேட்ட நிகழ்ச்சியைக் காண, 20ஆம் நூற்றாண்டின் இறுதிக்கும், தமிழ்நாட்டிலிருந்து வெகு தொலைவிலுள்ள இராஜஸ்தானின் நடுப்பகுதிக்கும் செல்ல வேண்டியிருக்கிறது.

ஆரவல்லி மலைத்தொடரின் பக்கத்தில் பீம் என்னும் வட்டாரம் உள்ளது. மழை பொய்ப்பது அங்கே வழக்கம். பொய்க்காத ஆண்டுதான் செய்தி. சிறு துண்டு நிலமும் ஆடுகளும் கொண்ட மக்கள், பஞ்சம் வந்தால் அரசு நடத்தும் நிவாரண வேலைக்குச் செல்வார்கள். அல்லது ஊரைவிட்டுப் போவார்கள். அவ்வட்டாரத்துத் தேவ்துங்ரி என்னும் சிற்றூரில் 1987இல் மூவர் குடியேறினர். அருணா ராய் அவர்களுள் ஒருவர். 1946இல் சென்னையில் பிறந்தவர். கலாக்ஷேத்திராவில் சில காலம் பயின்றவர். 1968இல் இந்திய ஆட்சிப் பணியில் சேர்ந்து 1975இல் அப்பணியைத் துறந்தவர். மற்றவர் சங்கர் சிங், அதே நாட்டுப்புறத்தைச் சேர்ந்தவர், பொம்மலாட்டத்திலும் நாடகத்திலும் பாட்டிலும் வல்லவர். மூன்றாமவர் இளைஞர் நிகில் தே. 1990 மே முதல் நாள் அப்பகுதி மக்களோடு சேர்ந்து மஸ்தூர் கிசான் சக்தி சங்கட்டன் என்னும் அமைப்பை அவர்கள் உருவாக்கினர். உழவரும் தொழிலாளரும் கூடிய அமைப்பு என்பது அப்பெயரின் பொருள்.

அவர்களுடைய முதற் கோரிக்கை தகவல் அன்று, கூலி. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். தகவல் அறியும் உரிமை ஏதோ படித்தவர் கூடத்தில் பிறந்த கருத்து என்று எண்ணுவோர் உண்டு. நிவாரண வேலையில் குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகத் தருவது கட்டாய உழைப்புக்கு ஒப்பாகும் என்று 1983இல் உச்ச நீதிமன்றம் இராஜஸ்தான் வழக்கொன்றிலேயே தீர்ப்பளித்திருந்தது. தீர்ப்பு தில்லியில் இருந்தது. கூலி பழையபடியே இருந்தது. ஏன் குறைத்தீர்கள் என்று கேட்டால், நீங்கள் வெட்டிய மண் அவ்வளவுதான், அளவுப் புத்தகத்தில் அப்படித்தான் பதிவாகியிருக்கிறது என்றனர் அலுவலர். புத்தகத்தைக் காட்டுங்கள் என்றால், அது அரசு ஆவணம், காட்ட இயலாது என்றனர். தன் முதுகில் சுமந்த மண்ணின் அளவு தனக்கே இரகசியம் என்ற நிலை. பட்டினிப் போராட்டங்கள் நடந்தன. சிறிது கூலி உயர்ந்தது. ஆனால் அந்த இரண்டு காகிதங்கள், அதாவது வருகைப் பட்டியலும் அளவுப் புத்தகமும், கைக்கு வராதவரை ஒவ்வோர் ஆண்டும் அதே போராட்டத்தைப் புதிதாக நடத்த வேண்டியிருக்கும் என்பதை மக்கள் கண்டுகொண்டனர். வெள்ளையர் ஆட்சி விட்டுச்சென்ற 1923ஆம் ஆண்டு அலுவல் இரகசியச் சட்டத்தின் நிழல், ஊராட்சிக் கிடங்கின் இரும்புப் பெட்டிவரை நீண்டிருந்தது.

1994 டிசம்பர் 2ஆம் நாள் கோட் கிரானா என்னும் ஊரில் முதல் மக்கள் விசாரணை நடைபெற்றது. ஜன் சுன்வாயி என்று அவர்கள் பெயரிட்டனர். மக்கள் செவிமடுத்தல் என்று அதைப் பெயர்க்கலாம். ஒரு நல்ல அதிகாரியின் துணையால் சில ஆவணங்களின் படிகள் கிடைத்திருந்தன. அவற்றை எடுத்துக்கொண்டு வீடு வீடாகச் சென்று, இந்த வேலைக்கு நீங்கள் சென்றீர்களா, எத்தனை நாள், என்ன கூலி என்று கேட்டு ஒப்பிட்டனர். பிறகு ஊர்ப் பொதுவிடத்தில் ஒரு பந்தல், ஓர் ஒலிபெருக்கி. வழக்கறிஞர், இதழாளர் முதலிய வெளியார் சிலர் நடுவர் இருக்கையில் அமர்ந்தனர். குற்றம் சாட்டப்படக்கூடிய ஊராட்சித் தலைவருக்கும் அலுவலருக்கும் மறுமொழி கூற அழைப்பு அனுப்பப்பட்டது. பிறகு நடந்தது ஒன்றே ஒன்று. ஆவணம் உரக்க வாசிக்கப்பட்டது.

பெயர் வாசிக்கப்பட்டதும் கூட்டத்திலிருந்து மறுமொழி வந்தது. அவர் இறந்து பல ஆண்டுகள் ஆயின என்றனர் சிலர். அவர் வேலை தேடி வெளியூர் போய்விட்டார், அந்த மாதம் ஊரிலேயே இல்லை என்றனர் சிலர். கட்டி முடித்ததாகக் கணக்கில் இருந்த கட்டடம் நிறைவுறாமல் நிற்பதை ஊரே கண்ணால் கண்டுகொண்டிருந்தது. வராத கல்லுக்கும் சிமெண்டுக்கும் விலைப்பட்டியல்கள் இருந்தன. அடுத்த ஏப்ரலுக்குள் பீம், விஜய்புரா, ஜவாஜா, தானா ஆகிய ஊர்களிலும் சேர்த்து ஐந்து விசாரணைகள் நடந்தன.

கவிஞர்கள் இங்கே சற்றே நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். அக்கூட்டத்தில் புதிய செய்தி எதுவும் சொல்லப்படவில்லை. இறந்தவர் இறந்தார் என்பதை ஊர் அறியும். கட்டடம் முடியவில்லை என்பதையும் ஊர் அறியும். அலமாரிக்குள் இருந்த எழுத்தும் ஊரின் நாவில் இருந்த பேச்சும் ஒரே இடத்தில், ஒரே வேளையில் சந்தித்தன, அதுவே புதிது. எழுதப்படிக்கத் தெரியாத பெண்கள் அந்த அவையில் மிகச் சிறந்த சாட்சிகளாக விளங்கினர். ஆவணத்தைப் படிக்க அவர்களுக்கு எழுத்தறிவு தேவைப்படவில்லை; பிறர் வாசிக்கக் கேட்டுப் பொய்யைப் பிரித்தறியும் நினைவு போதுமானதாக இருந்தது. ஏடு வாசிப்போர் ஒருவரும் கேட்போர் பலருமாகத் திண்ணையில் பாரதம் கேட்ட தமிழருக்கு இது புரியாத செய்தியன்று. அச்சும் தனிமை வாசிப்பும் வந்தபின் இலக்கியம் இழந்த ஓர் ஆற்றலை, பஞ்ச நிவாரண வருகைப் பட்டியல் மீட்டுக்கொண்டது எனலாம்.

அலுவலர் நடை வேறு, அவை நடை வேறு என்பதும் அப்போது வெளிப்பட்டது. ஆவணத்தின் மொழி தன்னைத் தானே காத்துக்கொள்ளும் மொழி. தலைப்பு எண், உட்தலைப்பு, மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு என்று அது சுவர் எழுப்பும். சங்கர் சிங்கும் தோழர்களும் அதை வட்டார மொழியில் பிரித்துச் சொன்னார்கள், பொம்மையின் வாயால் சொன்னார்கள், பாட்டாகப் பாடினார்கள். கலை அங்கே கூட்டத்தை மகிழ்விக்க வைத்த இடைவேளை நிகழ்ச்சியன்று. கணக்கை விளங்க வைக்கும் கருவியே அது.

எதிர்ப்பு வந்தது. அரசுத் தணிக்கையாளரைத் தவிர வேறெவருக்கும் ஏடுகளைக் காட்டமாட்டோம் என்று ஊராட்சி அலுவலர்கள் போராடினர். 1995 ஏப்ரலில் அன்றைய முதலமைச்சர் பைரோன் சிங் ஷெகாவத், கட்டணம் செலுத்துவோருக்கு ஊராட்சி ஆவணங்களின் படிகள் தரப்படும் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். ஓராண்டு கழிந்தது, ஆணை வரவில்லை. 1996 ஏப்ரல் 6ஆம் நாள் பியாவர் நகரின் சாங் கேட் அருகே மறியல் தொடங்கி 40 நாள் நீடித்தது. ஊர்ப்புறத்தார் தானியம் கொண்டுவந்தனர். நகரத்துச் சிறு வணிகர்களும் துணை நின்றனர். எங்கள் பணம், எங்கள் கணக்கு என்பது முழக்கம். ஜனசத்தா நாளிதழைச் சேர்ந்த பிரபாஷ் ஜோஷி அங்கே வந்து பார்த்து எழுதினார். தில்லியின் இதழாளர் உலகம் திரும்பிப் பார்த்தது. 1997இல் ஜெய்ப்பூரில் மீண்டும் 53 நாள் மறியல். அதன் முடிவில் வெளிப்பட்ட செய்தியை எந்த நகைச்சுவை எழுத்தாளரும் கற்பனை செய்திருக்க மாட்டார். ஆவணப் படிகளைப் பெறும் உரிமையை வழங்கும் அறிவிக்கை, ஆறு மாதங்களுக்கு முன்பே அரசிதழில் வெளியாகிவிட்டதாம். தகவல் பெறும் உரிமை வந்துவிட்டது என்ற தகவல் எவருக்கும் தரப்படவில்லை!

அதே 1997இல் தமிழ்நாடு ஒரு தகவல் உரிமைச் சட்டத்தை இயற்றியது. இந்திய மாநிலங்களில் அதுவே முதன்மையானது. ஆனால் விலக்குகள் மிகுந்த அச்சட்டம் ஊர்களில் பேசப்படவே இல்லை. மக்கள் கேட்டு வாங்காத சட்டத்திற்கும் கேட்டு வாங்கிய சட்டத்திற்கும் உள்ள வேறுபாடு இது. இராஜஸ்தான் சட்டம் 2000இல் வந்தது. நாடு முழுமைக்குமான தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 அக்டோபர் 12 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது.

கேட்பதோடு மக்கள் நின்றிருந்தால் அது மேற்பார்வை மட்டுமே ஆகியிருக்கும். பணியை வகுப்பதில் பங்கு ஆகியிராது. பீம் வட்டாரத்து அனுபவம் அதற்கு மேலும் சென்றது. 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம் வருகைப் பட்டியலைப் பொதுமக்கள் பார்வைக்கு உரியதாக்கியது. வேலை அட்டையைத் தொழிலாளியின் கையில் கொடுத்தது. 17ஆம் பிரிவின் வாயிலாகச் சமூகத் தணிக்கையைக் கிராம சபையின் கடமை ஆக்கியது. இவை கோட் கிரானாப் பந்தலிலிருந்து சட்டநூலுக்குள் நடந்து சென்ற விதிகள். அளவெடுக்கும் முறையிலும் ஒரு மாற்றம் நேர்ந்தது. நூறு பேர் வெட்டிய பள்ளத்தை மொத்தமாக அளந்து நூறால் வகுத்தால், உழைத்தவரும் நின்றவரும் ஒரே கூலி பெறுவர். வராதவர் பெயரைச் சேர்த்தால் அனைவர் கூலியும் குறையும். ஐந்தைந்து பேராகக் குழு பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் பள்ளத்தைத் தனியே குறித்து, தனியே அளந்து கொடுக்க வேண்டும் என்று அமைப்பினர் வற்புறுத்தினர். இராஜஸ்தானில் அம்முறை ஏற்கப்பட்டது. அந்த ஏற்பாட்டில் இல்லாத ஆறாவது ஆளை நுழைப்பது கடினம். ஐவருள் ஒவ்வொருவரும் மற்ற நால்வரையும் அறிவர். மண்வெட்டி பிடித்தவருக்கு மட்டுமே தோன்றக்கூடிய நுட்பம் இது.

2019இல் இராஜஸ்தான் அரசு ஜன் சூச்னா என்னும் மின்னணுத் தகவல் வாயிலைத் திறந்தது. எந்தத் தகவலை எந்த வரிசையில், எந்தச் சொல்லில் வைத்தால் ஊராருக்கு விளங்கும் என்பதை முடிவு செய்ய, அலுவலரும் மக்கள் அமைப்பினரும் ஒரே மேசையில் பலமுறை கூடினர். நியாயவிலைக் கடையில் இம்மாதம் வந்த கோதுமை எவ்வளவு, யாருக்கு வழங்கியதாகப் பதிவாகியுள்ளது என்பதை எவரும் மனுப் போடாமலேயே காணலாம் என்ற ஏற்பாடு அது. திரை வந்தபின் பந்தல் வேண்டாம் என்று கூறுவோரும் தோன்றினர். திரையைத் தனியே பார்ப்பவர் தம் பெயரை மட்டுமே பார்ப்பார். பந்தலில் அமர்ந்தவர் அண்டை வீட்டார் பெயரையும் கேட்பார். பொய் பெரும்பாலும் அண்டை வீட்டுப் பெயரில்தான் இருக்கும்.

சமூகத் தணிக்கை நாடெங்கும் பரவிய கதையை விரிக்கத் தேவையில்லை. ஆந்திரம் 2006 முதல் அதை விரிவாக நடத்தியது. 2011இல் மைய அரசு தனி விதிகளை வகுத்தது. தமிழ்நாட்டிலும் இதற்கெனத் தனிச் சங்கம் அமைந்தது. மேகாலயம் 2017இல் பல துறைப் பணிகளுக்கும் சேர்த்து ஒரு சட்டமே இயற்றியது. தணிக்கை அறிக்கை வட்டார மொழியில் எழுதப்பட்டு ஊராட்சிப் பலகையில் இடப்பட வேண்டும் என்று 2011ஆம் ஆண்டு விதிகள் கூறின. நல்ல விதி. ஆயினும் வட்டார மொழி என்பது என்ன? தமிழ் எழுத்தில் எழுதிவிட்டால் அது தமிழ் ஆகிவிடுமா? தணிக்கைப் பத்தி, ஆட்சேபணை, மீளப்பெற வேண்டிய தொகை, உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்படுகிறது என்று ஓடும் நடையை வெயிலில் அமர்ந்து கேட்கும் மூதாட்டிக்கு, பீம் வட்டாரத்துப் பெண்ணுக்குக் கிடைத்த தெளிவு கிடைக்குமா? கூட்டம் நடந்தது, கையொப்பங்கள் பெறப்பட்டன, அறிக்கை வாசிக்கப்பட்டது என்று எழுதிவிடுவது எளிது. வாசிப்பவர் கேட்கப்படுவதற்காக வாசிக்கிறாரா, முடிப்பதற்காக வாசிக்கிறாரா என்பதைக் கவியரங்குகளில் பல்லாண்டுகள் அமர்ந்தவர்களால் முதல் வரியிலேயே சொல்லிவிட முடியும். கண்டறிந்த முறைகேட்டுத் தொகையில் மீட்கப்பட்டது சிறு பங்கே என்னும் குறையும் மாநிலந்தோறும் எழுந்தது. வாசித்ததற்குப் பின் ஒன்றும் நிகழாது என்று ஒருமுறை கண்டவர், மறுமுறை பந்தலுக்கு வருவதில்லை.

இதனினும் பெரிய இடையூறு அண்மையில் சட்டநூலிலேயே நேர்ந்துள்ளது. 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின் 8ஆம் பிரிவில் தனிநபர் தகவல் பற்றி ஒரு விலக்கு இருந்தது. பொது நடவடிக்கையோடும் பொதுநலனோடும் தொடர்பில்லாத தகவலை, அல்லது ஒருவரது அந்தரங்கத்தில் காரணமின்றித் தலையிடும் தகவலை மறுக்கலாம். பெரும் பொதுநலன் வேண்டினால் அதையும் தரலாம் என்று அவ்வாக்கியம் நீண்டு, வளைந்து, நிபந்தனைகளோடு நின்றது. 2023இல் இயற்றப்பட்ட மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தன் 44ஆம் பிரிவினால் அந்த நீண்ட வாக்கியத்தை நீக்கி, தனிநபர் தகவல் தொடர்பான தகவல் என்று மட்டும் எழுதியது. 2025 நவம்பரில் அம்மாற்றம் நடைமுறைக்கு வந்தது. சொற்களைக் குறைத்தால் கவிதை செறிவுறும் என்பர். இங்கே நீக்கப்பட்ட சொற்கள் யாவும் குடிமகன் கால் வைத்து நின்ற படிகள்.

கோட் கிரானாவில் அன்று வாசிக்கப்பட்டவை எவை? தொழிலாளியின் பெயர், வேலை செய்த நாள்கள், பெற்றதாகக் குறிக்கப்பட்ட தொகை. பெயரோடு கூடிய ஒவ்வொரு வரியும் தனிநபர் தகவல் என்று இன்று ஓர் அலுவலர் கூறிவிடலாம். மனுதாரர் 8ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவைக் காட்டி, மறைப்பதால் காக்கப்படும் நலனைவிட வெளியிடுவதால் விளையும் பொதுநலன் பெரிது என்று வாதாடலாம். அவ்வழி இன்னும் அடைபடவில்லை. ஆனால் அந்தத் துலாக்கோலைப் பிடித்திருப்பவர் அலுவலர். பெயர்களை நீக்கிவிட்டு, நூறு பேர், இத்தனை நாள், இவ்வளவு ரூபாய் என்று மட்டும் ஒரு தாளைத் தந்தால், அதை ஒலிபெருக்கியில் எவ்வளவு உரக்க வாசித்தாலும், கூட்டத்திலிருந்து எழுந்து அவர் இறந்துவிட்டாரே என்று சொல்ல எவருக்கும் அங்கே ஒரு பெயர் இராது.